சுள்ளியோடு சுள்ளியாக

வீட்டுச் சுவரில் பல்லியையும் வேலியோரத்தில் ஓணானையும் காணாதவர் நம்மில் இலர். தில்லிக்குக் குடிபெயர்ந்தாலும் நாகபுரிக்குக் குடிபெயர்ந்தாலும் இவ்விரண்டும் நமக்கு முன்பே அங்கே குடியிருக்கின்றன. இரண்டின் அடையாளங்களும் ஓருடலில் கலந்த பிராணிகள் கரிபியன் கடல் தீவுகளில் உள்ளன. அவற்றிற்கு அனோலிஸ் என்று பெயர். பல்லியைப் போல் விரலடியில் பற்றுத் தகடுகளும், ஓணானைப் போல் திறந்து மூடும் இமைகளும் உடையவை. (பல்லிக்கு அத்தகைய இமை கிடையாது, தன் கண்ணைத் தானே நக்கித் துடைத்துக்கொள்ளும்.) ஆயினும் அனோலிஸ் இவ்விரு குடும்பங்களையும் சேர்ந்ததன்று. நம் ஓணானுக்குப் பற்கள் தாடை விளிம்பின்மேல் அமர்ந்திருக்கும். அனோலிஸுக்கோ தாடையின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். அது அமெரிக்காவின் இகுவானாக்களுக்குச் சுற்றம்.

நானூறுக்கு மேற்பட்ட அனோலிஸ் இனங்களுள் மிகச் சிறியவற்றில் ஒன்று போர்ட்டோ ரிக்கோ தீவின் மலைக்காடுகளில் வாழ்கிறது. மூக்கு நுனி முதல் வாலடி வரை ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான். மெல்லிய உடல், நீண்ட தலை, குட்டைக் கால்கள், சுற்றிப் பற்றக்கூடிய குட்டை வால். பாசி படர்ந்த பட்டை போன்ற சாம்பல் நிறம். ஓடாது, விரலளவுகூடப் பருமனில்லாத சுள்ளிகளின்மேல் மெல்ல ஊர்ந்து செல்லும். இரவில் சுள்ளி நுனியில் உறங்கும். பகலில் தேடுவோர் கண்ணுக்குத் தப்பிவிடும் இதனைக் கைவிளக்குடன் இரவில் தேடுவதே எளிது. எர்னஸ்ட் வில்லியம்ஸ், ஹுவான் ரிவேரோ என்னும் இருவர் 1965-இல்தான் இதனை விவரித்து, 'அனோலிஸ் ஒக்கல்ட்டஸ்' எனப் பெயரிட்டனர். ஒக்கல்ட்டஸ் என்றால் மறைந்திருப்பது என்று பொருள். பொருத்தமான பெயர்தான்.

இனி வகைப்பாட்டுக்கு வருவோம். கியூபா, ஜமைக்கா, ஹிஸ்பானியோலா ஆகிய தீவுகளிலும் இதே சாயலில் சுள்ளி அனோலிஸ்கள் உண்டு. ஒரு தாய் மக்கள் பிரிந்து குடியேறினர் என்றே பார்ப்பவர்க்குத் தோன்றும். 1998-இல் வெளியான மரபணு ஆய்வு வேறு கதை சொல்லிற்று. ஜமைக்காவின் சுள்ளி அனோலிஸுக்கு நெருங்கிய உறவு, அதே ஜமைக்காவில் அடிமரத்திலும் இலைக்கூரையிலும் வாழும் வேறு வடிவ அனோலிஸ்களே. சுள்ளியில் பிழைக்கக் குட்டைக் காலும் மெலிந்த உடலும் வேண்டும். அந்தத் தேவை பல தீவுகளில் தனித்தனியே ஒரே உருவத்தை வார்த்தது. நம் மலைப் பிராணியோ தன் தீவின் பெரும்பாலான அனோலிஸ்களுக்கும் நெருங்கியதன்று; மிகப் பழங்காலத்திலேயே பிரிந்த கிளை.

பெயர்ப் பிணக்கு வேறு. 1965-இல் இகுவானாக் குடும்பத்தில் இருந்த அனோலிஸ், 1989-இல் பாலிக்ரோட்டிடே குடும்பத்துக்கும், 2011-இல் டாக்டிலோயிடே குடும்பத்துக்கும் மாற்றப்பட்டது. 2012-இல் சிலர் அனோலிஸையே எட்டாகப் பிரிக்க முன்வந்தனர், ஏனையோர் இசையவில்லை. எனவே இதே பிராணியை நூலுக்கு நூல் வெவ்வேறு பெயரில் காண நேரலாம்.

இது வெறும் ஏட்டுச் சண்டை அன்று. 2017 செப்டம்பரில் மரியா என்னும் கடும்புயல் போர்ட்டோ ரிக்கோவின் மலைக்காடுகளை இலையின்றி மொட்டையாக்கிற்று. அத்தகைய பேரிடரில் இவ்வினம் ஒருநாள் அழியுமாயின், ஜமைக்காவிலிருந்து அச்சாயல் கொண்ட ஒன்றைக் கொணர்ந்து ஈடுசெய்ய இயலாது. சாயல் ஒன்றாயினும் வழி வேறு.