மூன்று ஓட்டம், ஐந்து விக்கட்

ஓட்டங்கள் மலிந்த ஆட்டமே நல்ல ஆட்டம் என்னும் எண்ணம் நம் மாணவரிடையே வேரூன்றிவிட்டது. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆரவாரம். பந்துவீச்சாளன் ஓர் ஓவரை ஓட்டமின்றி முடித்தாலோ கொட்டாவி! இதனை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. 2014ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாளிரவு சிட்டகாங் நகரில் நிகழ்ந்த ஆட்டமே எனக்குச் சான்று.

அது இருபது ஓவர் உலகக் கிண்ணத் தொடர். இலங்கையும் நியூசிலாந்தும் மோதின. வென்றவர்க்கு அரையிறுதி, தோற்றவர்க்கு ஊர்ப்பயணம். மகேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் இத்தொடருடன் இவ்வகை ஆட்டத்திற்கு விடைகூறுவதாக முன்னரே அறிவித்திருந்தனர். முதலில் ஆடிய இலங்கையோ 119 ஓட்டங்களுடன் சுருண்டது. ஜயவர்தன பெற்ற 25 ஓட்டங்களே அதிகம்.

திருக்கோணமலை உட்துறைமுக வீதித் தேநீர்க்கடையொன்றில் தொலைக்காட்சியைச் சூழ்ந்து நின்றோரிற் பாதிப்பேர் அப்போதே கலைந்துவிட்டனர். மறுநாள் பள்ளிக்கூடம் உண்டென்பது எனக்கும் நினைவிருந்தது. எனினும் நின்றேன்.

அஜந்த மெண்டிசுக்குப் பதிலாக அன்று களமிறக்கப்பட்டவர் ரங்கன ஹேரத். வயது 36. முரளிதரன் என்னும் பெருமரத்தின் நிழலில் நெடுங்காலம் காத்திருந்தவர். அவர் 2010இல் டெஸ்ட் ஆட்டத்தினின்றும் விலகிய பின்னரே இவருக்கு வெயில் கிட்டியது. இடக்கையால் மெதுவாகச் சுழற்றுபவர். பெரும்பாலும் பந்து வலக்கைத் துடுப்பாட்டக்காரரை விட்டு வெளியே விலகும். அதே கை, அதே நடை, அதே விரல்கள். ஆனால் அடுத்த பந்து திரும்பாமல் நேரே புகும். திரும்புமென்று நம்பி ஆடியவனின் காலிலோ விக்கட்டிலோ அது போய்த் தைக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு வேறுபாட்டிலேதான் அவர் கலை முழுதும் அடங்கியிருந்தது.

முன்னேறி அடிக்க வந்த பிரெண்டன் மக்கலம், சங்கக்காரவின் கையால் ஸ்டம்ப் செய்யப்பட்டார். றொஸ் டெய்லர் காலில் வாங்கினார். நீஷமின் விக்கட் தெறித்தது. மூவருக்கும் பூச்சியம்! நியூசிலாந்து 60 ஓட்டங்களுக்கு வீழ்ந்தது. கேன் வில்லியம்சன் ஒருவரே 42 எடுத்தார். ஏனையோர் எல்லோரும் உதிரியும் சேர்ந்து 18தான். ஹேரத் வீசியவை 21 பந்துகள். கொடுத்தவை 3 ஓட்டங்கள். வீழ்த்தியவை 5 விக்கட்டுகள்.

அமெரிக்கரின் பேஸ்போலில் இத்தகைய ஆட்டத்திற்குத் தனி மதிப்புண்டு. 1965 செப்டம்பர் 9ஆம் நாள் லொஸ் ஏஞ்சலிசில் ஸாண்டி கோஃபக்ஸ், எதிரணியின் 27 பேரையும் ஒருவர்கூட முதல் தளத்தை அடையாதவாறு வெளியேற்றினார். அவர்களுள் 14 பேர் பந்தை அடிக்கவே இயலாது திரும்பியவர்கள். முடிவு ஒன்றுக்குச் சுழியம். எதிர்த்து வீசிய பொப் ஹெண்ட்லியோ ஒரேயொரு அடிக்கே இடம் கொடுத்தார். அந்த ஓர் ஓட்டமும் அடியினாற் பிறந்ததன்று. பந்து பிடிப்பவரின் பிழையான எறிதலாற் கிடைத்தது. தோற்ற ஹெண்ட்லியை நினைக்கையில் எனக்கு இரக்கம் மேலிடுகிறது. அவர் செய்த தவறுதான் என்ன?

சிட்டகாங்கின் வெற்றி இலங்கையை அரையிறுதிக்குக் கொண்டுசென்றது. ஏப்ரல் 6ஆம் நாள் மீர்ப்பூரில் நடந்த இறுதியாட்டத்திலும் பந்துவீச்சே வழிகோலியது. கடைசி நான்கு ஓவர்களில் இந்தியாவுக்கு 19 ஓட்டங்களே வாய்த்தன, மொத்தம் 130. சங்கக்கார ஆட்டமிழக்காது 52 பெற்று, கிண்ணத்தோடு விடைபெற்றார்.