பச்சைப் புள்ளி, பழுப்பு முக்கோணம்

பிஸ்கட் பாக்கெட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு சதுரம், அதற்குள் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம். அதே சதுரத்துக்குள் பழுப்புப் புள்ளி இருந்தால் அசைவம். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நம் கடைகளில் இதுதான் நடைமுறையாக இருந்தது. பச்சையும் பழுப்பும் ஒன்றுபோலத் தெரிகிறவருக்கோ இரண்டும் ஒரே முத்திரை! 2020-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விதிகளில் அசைவக் குறியின் வட்டம் முக்கோணமானது. நிறம் அதேதான்; வடிவம் மட்டும் மாறியது.

சைவம் சாப்பிடுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனாலும் இதற்கு இத்தனை காலம் பிடித்தது.

நிறப்பார்வைக் குறைபாடு என்றதும் உலகமே கறுப்பு வெள்ளையாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் மிக அபூர்வம். விழித்திரையில் நிறமறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. அவற்றில் சிவப்புக்கோ பச்சைக்கோ உரியது இல்லாமல் போவதோ, மாறுபட்டு வேலை செய்வதோதான் பெரும்பாலும் நடப்பது. இந்த இரண்டு வகைக்குமான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால் அதில் பழுதிருந்தால் ஈடுகட்ட வேறில்லை. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு இது உண்டு. பெண்களில் அரை சதவீதம்தான். தாத்தாவின் குறைபாடு மகள் வழிப் பேரனிடம் வந்து நிற்கலாம். நடுவிலிருக்கும் மகளுக்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இருக்காது.

அணுக் கொள்கை தந்த ஜான் டால்டனுக்கும் இது இருந்தது. 1794-ல் தன் பார்வையைப் பற்றித் தானே கட்டுரை வாசித்தார். கண்ணுக்குள்ளிருக்கும் திரவம் நீலமாக இருப்பதே காரணம் என்று நம்பி, இறந்தபின் கண்ணைச் சோதிக்கச் சொல்லிவைத்தார். 1844-ல் சோதித்தார்கள், திரவம் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைத்திருந்த அந்தக் கண்ணின் மரபணுவை 1995-ல் ஆராய்ந்தபோதுதான், பச்சைக்குரிய கூம்பு செல் அவருக்கு இல்லை என்று தெரிந்தது.

1875-ல் ஸ்வீடனின் லாகர்லுண்டாவில் ரயில்கள் மோதின. சிக்னல் நிறத்தை ஊழியர் தவறாகப் பார்த்திருக்கலாம் என்றார் ஹோல்ம்கிரென் என்ற மருத்துவ அறிஞர். அது உண்மையா என்பதில் இன்றும் விவாதம் உண்டு. ஆனால் ரயில்வே ஊழியர்களுக்கு நிறச் சோதனை அப்போதுதான் பரவியது. சிக்னலுக்கு அது நியாயம். சிக்கல் என்னவென்றால், குறைபாடு உள்ளவரை விலக்குவதே எல்லா இடத்துக்கும் விடை என்று ஆகிவிட்டது. புனே திரைப்படக் கல்லூரி அத்தகைய மாணவருக்குப் படத்தொகுப்பு வகுப்பில் இடம் மறுத்தது. எல்லாப் படிப்புகளிலும் அவர்களைச் சேர்க்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட 2022 ஆகிவிட்டது.

சாலை சிக்னல் ஒருவகையில் நல்ல வடிவமைப்பு. சிவப்பு மேலே, பச்சை கீழே. நிறம் பிடிபடாவிட்டாலும் இடம் சொல்லிவிடும். மெட்ரோ வரைபடத்தில் அந்த வசதி இல்லை. சென்னையில் முதல் கட்டத்துக்கு நீல வழித்தடமும் பச்சை வழித்தடமும். இரண்டாம் கட்டத்துக்கு ஊதா, ஆரஞ்சு, சிவப்பு. சிவப்பு மங்கித் தெரிகிறவருக்கு ஊதா நீலத்தோடு சேர்ந்துகொள்ளும், ஆரஞ்சு பச்சையோடு குழம்பும். ஐந்து கோடுகள் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடலாம். கோட்டின் மேலேயே எண்ணையோ பெயரையோ அச்சிட்டால் தீர்ந்தது. லண்டன் பாதாள ரயிலுக்கு, கோடுகளின் வடிவத்தை மாற்றிக் கறுப்பு வெள்ளையிலேயே ஒரு வரைபடம் தருகிறார்கள்.

நிறங்களைத் துறக்க வேண்டும் என்பதில்லை. ஒகாபே, இட்டோ என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள், தாங்களே இந்தக் குறைபாடு உள்ளவர்கள், எல்லோரும் பிரித்தறியக்கூடிய எட்டு நிறங்களைத் தொகுத்தார்கள். ஆய்விதழ்களின் வரைபடங்களில் அவை இன்று சகஜம். வடிவமைப்பாளருக்கு இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு: வரைந்ததைக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துப் பார்ப்பது. பிழையான கட்டத்தைச் சிவப்பால் மட்டும் காட்டும் விண்ணப்பப் படிவம் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

சார்ஜர்களைச் செய்கிறவர்கள் ஏனோ இதை யோசிப்பதில்லை. ஒரே விளக்கு, மின்சாரம் ஏறும்போது சிவப்பு, நிறைந்ததும் பச்சை. இந்தக் குறைபாடு உள்ளவர் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. ஏறும்போது விட்டுவிட்டு மின்னி, நிறைந்ததும் நிலையாக எரிந்தால் போதும். இரண்டாவது நிற எல்.இ.டி. தேவையே இல்லை, அந்தச் செலவும் மிச்சம்.