கரும்பு, ரப்பர், செம்பனை, தொழிற்சாலை: பினாங்கு நிலம் கைமாறிய கதை

பினாங்கின் இரண்டாவது பாலம் 2014 மார்ச் மாதம் திறக்கப்பட்டது. அது பெருநிலத்தில் இறங்கும் இடம் பத்து காவான். இன்று அங்கே மின்னணுத் தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் பேரங்காடிகளும் நிற்கின்றன. ஒரு தலைமுறைக்கு முன் அது தோட்டப்புறம். செம்பனைக்கு முன் அங்கே ரப்பர் இருந்தது, ரப்பருக்கு முன் கரும்பு.

உலக அளவில் விவசாய நிலம் ஏறத்தாழ 480 கோடி ஹெக்டர் என்கிறது ஐ.நா. உணவு, விவசாய நிறுவனம். மொத்த நிலப்பரப்பில் இது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். ஆனால் இந்தக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு மேய்ச்சல் நிலம். பயிர் விளைவது சுமார் 160 கோடி ஹெக்டரில்தான். ரப்பரும் செம்பனையும்கூடப் பயிர்நிலமாகவே எண்ணப்படுகின்றன. அதனால் ஒரு நாட்டில் விவசாய நிலம் இவ்வளவு என்று படிக்கும்போது, அது எதை விளைவிக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். இந்தியாவில் பாதிக்கு மேற்பட்ட நிலம் விவசாய நிலம். மலேசியாவில் அது கால் பங்கு அளவே. அதிலும் பெரும்பகுதி செம்பனை, ஏறத்தாழ 56 இலட்சம் ஹெக்டர். நெல்லுக்குக் கிடைத்திருப்பது சிறு பங்குதான்.

சோற்றுக்கு இதனால் என்ன ஆகும் என்பதை 2023இல் நாமே பார்த்தோம். அந்த ஆண்டு ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பரில் இங்கே இறக்குமதி அரிசியின் விலை ஏறியது. உள்நாட்டு வெள்ளை அரிசி கடை அலமாரிகளில் கிடைக்காமல் போனது. நாம் உண்ணும் அரிசியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது. செபராங் பிறையின் வடக்கிலும் பாலேக் பூலாவின் சுங்கை பூரோங் பக்கத்திலும் மிஞ்சியிருக்கும் வயல்களை வெறும் காட்சிப் பொருளாக நினைப்பது தவறு. பாயான் லெப்பாஸிலும் வயல்கள் இருந்தன. 1972இல் அங்கே சுதந்திர வர்த்தக வட்டாரம் வந்தது. வேலை வந்தது, வருமானம் வந்தது. வயல் போனது போனதுதான்.

நிலம் இப்படி மாறுவது சட்டப்படிதான் நடக்கிறது. மலேசியாவில் நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில் என மூன்று வகையாகப் பிரிக்கிறது. உரிமையாளர் விண்ணப்பித்து, மாநில அரசு ஒப்புக்கொண்டு, அதற்குரிய பிரீமியம் செலுத்தப்பட்டால் பட்டாவில் வகை மாறும். அதோடு நிலத்தின் விலையும் பலமடங்காகும். அந்த இலாபத்தில் அங்கே குடியிருந்து உழைத்தவனுக்குப் பங்கில்லை, ஏனென்றால் பட்டாவில் அவன் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை.

தமிழர்களுக்கு இது புதிய செய்தியல்ல. பத்து காவானில் கரும்பை முதலில் நட்டவர்கள் தியோச்சூ சீனர்கள். 1840களில் ஐரோப்பிய முதலாளிகள் இறங்கியபின், செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் கப்பலேற்றப்பட்டார்கள். நிபோங் திபால் அருகிலுள்ள கலிடோனியா தோட்டம் அவற்றில் ஒன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறக் கரும்பு மறைந்தது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தாலும் கங்காணி முறை தொடர்ந்தது. பயிர் மாறியது, முதலாளிகளும் மாறினார்கள். லயத்தில் இருந்தவர்கள் லயத்திலேயே இருந்தார்கள்.

குளுகோரில் பிரவுன் குடும்பத்தின் பழைய தோட்ட நிலத்தில், ஆடுமாடு வளர்த்து வாழ்ந்த கம்போங் புவா பாலா மக்களின் முடிவு பினாங்குத் தமிழர் மறக்கக்கூடியதல்ல. தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தும் நீதிமன்றத்தில் அவர்களுக்கு உரிமை கிட்டவில்லை. 2009இல் வீடுகள் இடிக்கப்பட்டன.

இந்த வரலாற்றில் ஒரு மாற்று வழியும் உண்டு. 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோயின. அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது வாங்கிய முதல் தோட்டம் பக்கத்துக் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். பால் மரம் வெட்டியவர்கள் கூட்டாக நிலத்துக்கு உடைமையாளர்கள் ஆனார்கள். நம் சமூகம் நிலத்தைப் பற்றி எடுத்த முடிவுகளில் இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. துண்டாடலைத் தடுக்கச் சட்டமும் பிறகு வந்தது: 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்தைப் பிரித்து விற்கத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும்.

தோட்டத்தில் இன்னும் குடியிருக்கும் குடும்பங்கள் காத்திருக்க வேண்டாம். கட்டணம் செலுத்தினால் நில அலுவலகப் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். உங்கள் வீடு நிற்கும் நிலம் யார் பெயரில், எந்த வகையில் உள்ளது என்று இப்போதே கேட்டு வையுங்கள். வட்டாரத் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, வயலும் தோட்டமும் எந்த நிறத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். மறுப்பு இருந்தால், குறித்த காலத்துக்குள் எழுத்தில் கொடுங்கள்.