நீதியின் வாசற்படியில் நிற்போர்

டிசம்பர் 3-ஆம் நாள் என்றதும் நம் உள்ளத்தில் எழுபவர் புனித சவேரியார். அதே நாளில் திருச்சபை நினைவுகூரும் மற்றொரு வேதசாட்சியை நம்மில் பலர் அறியோம். அவர் பெயர் கசியான். வட ஆப்பிரிக்காவிலுள்ள தாஞ்சியர் நகர நீதிமன்றத்தின் எழுத்தர். கி.பி. 298-இல், கிறிஸ்து ஒருவருக்கே ஊழியம் செய்வேன் என்று படைக்கச்சையைக் கழற்றி எறிந்த மர்செல்லுஸ் என்னும் நூற்றுவர் தலைவர் அங்கே விசாரிக்கப்பட்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டதும், விசாரணையை எழுதிக்கொண்டிருந்த கசியான் எழுதுகோலைத் தரையில் எறிந்து, இது அநீதி என்றார்; தம் உயிரையும் இழந்தார் என்பது மரபு. சுருக்கெழுத்தாளரின் பாதுகாவலராக அவர் போற்றப்படுகிறார்.

நீதிமன்றம் என்றால் நீதிபதியும் வழக்கறிஞருமே நம் கண்ணுக்குத் தெரிகின்றனர். ஆனால் ஏழை வழக்காளி முதலில் காண்பது யாரை? சிரஸ்தாரை, பெஞ்ச் கிளார்க்கை, நகல் பிரிவு எழுத்தரை, வீடு தேடி வரும் அமீனாவை. ஒரு கட்டு காணாமற்போனால் ஒரு குடும்பத்தின் நிலமே கைநழுவலாம். நீதியின் வாசற்படியில் நிற்போர் இவர்களே.

இவர்களுக்கும் குறைகள் உண்டு. நம் அரசியல் சட்டத்தின் 235-ஆம் பிரிவின்படி, கீழமை நீதிமன்றங்கள் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இயங்குகின்றன. ஊதியம் வழங்குவதோ மாநில அரசு. ஆகவே இவர்களுடைய சங்கத்திற்குத் தலைமை தாங்குபவர் இரண்டு வாசல்களைத் தட்ட வேண்டும். பொறுமையும் வேண்டும். 1996-இல் நீதிபதி ஜெகந்நாத ஷெட்டி தலைமையில் அமைந்த தேசிய நீதித்துறை ஊதியக் குழு, கீழமை நீதிமன்றப் பணியாளரின் நிலையையும் ஆராய்ந்து 2003-இல் அறிக்கை தந்தது. அதை நிறைவேற்றுமாறு மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2009-இல்! மனு எழுதியும், புள்ளிவிவரம் திரட்டியும், படியேறியும் இறங்கியும் கழிந்த ஆண்டுகள் எத்தனை!

சங்கம் அமைப்பது குற்றமன்று. 13-ஆம் சிங்கராயர் பாப்பரசர் 1891-இலேயே தொழிலாளர் ஒன்றுசேரும் உரிமையை இயற்கை உரிமை என நிலைநாட்டினார். நம் அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவும் அதை வழங்குகிறது. ஆனால் எல்லையும் உண்டு. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியரைத் தமிழக அரசு பணிநீக்கம் செய்தது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமை இல்லை என உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல், உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில், வேலைநிறுத்தம் நேரிய வழியே என்றாலும் அது இறுதி வழி என்றார். சங்கம் தன் குழுவின் தன்னலமாகச் சுருங்கிவிடலாகாது என்றும் எச்சரித்தார்.

இந்த எச்சரிக்கையின் பொருளை எனக்கு உணர்த்தியவர், நான் முன்பு பணியாற்றிய பங்கைச் சேர்ந்த ஒருவர். நீதிமன்ற ஊழியர் சங்கமொன்றின் மாவட்டத் தலைவராகப் பல்லாண்டு இருந்தவர். நகல் தருவதற்கு ஒரு கைம்பெண்ணிடம் பணம் வாங்கிய எழுத்தர் ஒருவர் கையும் களவுமாகப் பிடிபட்டுத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். "நம் ஆளைக் கைவிடலாமா? கண்டனக் கூட்டம் போடுங்கள்" என்று உறுப்பினர் வற்புறுத்தினர். தலைவர் மறுத்துவிட்டார். ஆனால் சும்மா இருக்கவில்லை. விசாரணை முறைப்படி நடக்க வேண்டும் என்று எழுதிக் கேட்டார். அந்த எழுத்தருக்குச் சட்டப்படி சேர வேண்டிய பிழைப்பூதியம் தாமதமானபோது, தாமே அலுவலகம் அலுவலகமாக நடந்து அதைப் பெற்றுத் தந்தார். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைத் தம் கைப்பணத்தால் செலுத்தினார். உரிமைக்காக வாதாடினார், குற்றத்திற்காக வாதாடவில்லை.

அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். மறுநாள் காலைத் திருப்பலிக்குப் பின் ஆறுதல் கூறச் சென்றேன். அவரோ, "எங்களுக்குச் சங்கம் இருக்கிறது, சாமி, சன்னலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு எந்தச் சங்கமும் இல்லையே!" என்றார். பின்னர் அவர் தலைவராகவே இல்லை. சாதாரண உறுப்பினராகவே ஓய்வு பெற்றார்.

நேரிய தலைமைக்கு வெற்றி உறுதி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தன் உறுப்பினருக்காக மேலிடத்தில் பேசுபவன், மக்களுக்காகத் தன் உறுப்பினரிடமும் பேசக் கடமைப்பட்டவன். இரண்டாவது பேச்சே கடினமானது. அதைத் துணிந்து பேசுபவனின் முதற்பேச்சுக்கே மதிப்பும் உண்டு.

அன்பார்ந்த பெற்றோரே! நீதிமன்றத்தில் பணியாற்றும் மகனோ மகளோ உங்கள் இல்லத்தில் இருக்கலாம். சங்கப் பொறுப்பு நமக்கேன் என்று அவர்களைத் தடுக்காதீர்கள். நல்லோர் விலகினால் அந்த நாற்காலி வெறுமையாய் இராது. நீதி கேட்டு நடுவனிடம் நாள்தோறும் நடந்த கைம்பெண்ணைப் பற்றி நம் ஆண்டவர் உவமை சொன்னார். அவள் இன்றும் நடந்துகொண்டிருக்கிறாள். வாசற்படியில் அவளை வரவேற்பவர் நம் பிள்ளையாக இருக்கட்டும்.