இன்ஜினை இறக்கும் முன்

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வருகிறது. மேட்டில் இழுவை இல்லை. நடைக்கு நடை ஆயில் குறைகிறது. நாமக்கல், சங்ககிரி பக்கம் ஒற்றை லாரியை நம்பிப் பிழைக்கிறவருக்கு இதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. வண்டி பட்டறையில் நின்றாலும் தவணையும் வரியும் நிற்பதில்லை.

அவர் முன்னால் இரண்டு வழிகள். பழைய இன்ஜினைக் கொடுத்துவிட்டு, தயாரித்த கம்பெனியே புதுப்பித்துத் தரும் இன்ஜினை வாங்கி மாட்டலாம். டாடா மோட்டார்ஸ் ‘ப்ரோலைஃப்’ என்ற பெயரிலும், கம்மின்ஸ் ‘ரீகான்’ என்ற பெயரிலும் இதைச் செய்கின்றன. இல்லையென்றால் தன் இன்ஜினையே இறக்கி, உள்ளூரில் போர் போட்டு, கிராங்க் அரைத்து ஏற்றலாம்.

பலரும் இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அங்கேதான் பணம் போகிறது. விலைக்கு முன் பார்க்க வேண்டியது பிளாக்கையும் கிராங்கையும்தான்.

கம்மின்ஸின் 5.9 லிட்டர் பி சீரிஸ் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 102 மி.மீ. போர், லைனர் கிடையாது. பிஸ்டன் ஓடுவது பிளாக்கின் சொந்த இரும்பில். முதல் போருக்கு 0.50 மி.மீ. பெரிய பிஸ்டன், அடுத்ததற்கு 1.00 மி.மீ. அதற்கு மேல் ஸ்லீவ் அடித்தாக வேண்டும். வண்டியைக் கைமாற்றி வாங்கியவருக்கு முன்பு எத்தனை போர் போட்டார்கள் என்பதே தெரியாது. இன்ஜினைப் பிரித்து, போர் கேஜ் வைத்து அளந்தால்தான் தெரியும். அளப்பதற்கு முன்பே ‘இவ்வளவு ஆகும்’ என்று மொத்தமாக ஒரு தொகை சொல்லும் பட்டறையை நான் நம்ப மாட்டேன்.

கிராங்க்கும் அப்படித்தான். ஜர்னலைச் சுருக்கி அரைப்பது பெரிய வித்தை இல்லை. ஜர்னல் பக்கச்சுவரில் சேரும் மூலையில் ஒரு வளைவு இருக்கும். அரைக்கும் கல்லின் ஓரத்தைச் சரியான வளைவுக்குத் தீட்டாமல் அரைத்தால் அந்த வளைவு போய்க் கூர்மையான மூலை விழும். பாரம் ஏற ஏற விரிசல் தொடங்குவது அங்கேதான். வெளியே எதுவும் தெரியாது; ஒருநாள் மலைப்பாதையில் கிராங்க் இரண்டாக ஒடியும். அரைத்த பிறகு காந்தத் துகள் வைத்து விரிசல் பார்க்கும் வசதி பட்டறையில் உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது: கழுவுவது. ஹோனிங் கல்லிலிருந்து உதிரும் பொடி சிலிண்டர் சுவரின் கீறல்களில் ஒட்டிக்கொள்ளும். டீசல் ஊற்றித் துடைத்தால் அது போகாது. சோப்பும் வெந்நீரும் போட்டு, பிரஷால் தேய்க்க வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். இதற்கு ஆகும் செலவு சோப்புத்தூள் காசுதான். இதை விட்டுவிட்டால் புது ரிங் கொஞ்ச நாளிலேயே தேய்ந்துவிடும்.

கம்பெனி இன்ஜினின் பலம், இத்தனைக்கும் ஒரே இடம் பொறுப்பேற்கிறது என்பது. உள்ளூரில் லேத்காரர் வேறு, கிராங்க் அரைப்பவர் வேறு, பம்ப் ரூம் வேறு, பூட்டும் மெக்கானிக் வேறு. கோளாறு வந்தால் ஆளுக்கு ஆள் கை காட்டுவார்கள். கம்பெனி இன்ஜினுக்கு வாரண்டி உண்டு. பிளாக் விரிசல் விட்டிருந்தால், அல்லது 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 வகை காமன்ரெயில் இன்ஜினாக இருந்தால், நான் அந்தப் பக்கம்தான். இன்ஜெக்டர் மாற்றினால் அதன் திருத்த எண்ணை இசியூவில் பதிய வேண்டிய வண்டிகளை, ஸ்கேனர் இல்லாத பட்டறையில் பிரிக்கக் கூடாது.

ஆனால் 6 சிலிண்டர், 97 மி.மீ. போர் கொண்ட பழைய டாடா 697 போன்ற மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின், பிளாக்கும் கெட்டியாக இருக்கிறது என்றால், அளந்து, அளவைத் தாளில் எழுதிக் காட்டும் உள்ளூர் பட்டறையே என் தேர்வு. அந்த வேலையைச் சுத்தமாகச் செய்யும் கைகள் நம் ஊர்களில் இருக்கின்றன. அவர்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்றும் நான் விரும்புகிறேன். உதிரிபாகத்தை மட்டும் உரிமையாளரே பில்லோடு வாங்கிக் கொடுப்பது நல்லது. பேரிங் ஷெல்லில் போலி அதிகம்.

எந்த வழியானாலும், பழைய இன்ஜின் ஏன் போனது என்று கண்டுபிடிக்காமல் அடுத்ததை ஏற்றக் கூடாது. கல்குவாரி நடை ஓடும் வண்டியில் ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸில் கிழிசல் இருந்தால், புது இன்ஜினும் அதே மண்ணைத்தான் தின்னும். பேரிங் உருகிய இன்ஜினின் ஆயில் கூலரை அப்படியே திரும்ப மாட்டினால், உள்ளே தங்கிய உலோகத்தூள் புது பேரிங்குக்குப் போகும்.

மாற்று இன்ஜின் வாங்குகிறவர்கள் காகித வேலையை மறக்க வேண்டாம். இன்ஜின் நம்பர் மாறுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைத் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். வண்டியிலும் ஆர்.சி.யிலும் நம்பர் வேறுவேறாக இருந்தால், எஃப்.சி.க்குப் போகும்போதும் விபத்து இழப்பீடு கேட்கும்போதும் சிக்கல் வரும். வாங்கிய பில்லை ஆர்.சி.யோடு சேர்த்தே வைத்திருங்கள்.