ஸ்காட்னி பழைய கோட்டை

ஸ்காட்னி பழைய கோட்டை என்பது இங்கிலாந்தின் கென்ட் கவுண்டியில், லாம்பர்ஹர்ஸ்ட் என்னும் ஊருக்கு அருகே அமைந்துள்ள, அகழி சூழ்ந்த நாட்டுப்புற மாளிகை ஒன்றின் எச்சமாகும். கோட்டை என அழைக்கப்பட்டாலும், இது அரண் செய்யப்பட்ட ஒரு வாழிடமே. இன்று காணப்படும் இதன் இடிபாட்டுத் தோற்றம் போரினால் ஏற்பட்டதன்று. 19 ஆம் நூற்றாண்டில் இதன் உரிமையாளரே திட்டமிட்டு உருவாக்கியதாகும்.

தோற்றம்

1378 - 1380 காலப்பகுதியில் ரோஜர் ஆஷ்பர்ன்ஹாம் என்பவர் இதனைக் கட்டினார். அது நூறாண்டுப் போர் நடைபெற்ற காலம். 1377 இல் பிரெஞ்சுப் படையினர் தென்கரையிலுள்ள ரை நகரைத் தாக்கி எரித்திருந்தனர். மூலைக்கொன்றாக நான்கு கோபுரங்களுடன் திட்டமிடப்பட்ட இம்மாளிகையில், ஆஷ்பர்ன்ஹாம் கோபுரம் எனப்படும் ஒன்று மட்டுமே எஞ்சியுள்ளது.

டாரெல் குடும்பம்

15 ஆம் நூற்றாண்டு முதல் 1778 வரை மாளிகை டாரெல் குடும்பத்தினரிடம் இருந்தது. 1580 அளவில் தெற்குப் பகுதியும், 1630களில் கிழக்குப் பகுதியும் புதிதாகக் கட்டப்பட்டன. இக்குடும்பத்தினர் கத்தோலிக்கர். முதலாம் எலிசபெத்தின் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. எனினும், இயேசு சபைக் குருவான ரிச்சர்ட் புளவுண்ட் 1591 முதல் 1598 வரை இங்கு மறைந்து வாழ்ந்தார். இறுதிச் சோதனையின்போது அவர் அகழியில் குதித்துத் தப்பினார் எனக் கூறப்படுகிறது.

சிதைவாக்கம்

1837 - 1843 காலப்பகுதியில் மூன்றாம் எட்வர்ட் ஹசி, கட்டிடக்கலைஞர் அந்தோனி சால்வினைக் கொண்டு அருகிலுள்ள மேட்டில் புதிய மாளிகையைக் கட்டினார். நிலத்தோற்றம் ஓவியம்போல் அமையவேண்டும் என்னும் கருத்து அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. பாறை, நீர், சிதைந்த கட்டிடம் ஆகியன அத்தகைய காட்சியின் கூறுகளாகக் கருதப்பட்டன. புதிய மாளிகைக்கான மணற்கல், இரு கட்டிடங்களுக்கும் இடைப்பட்ட சரிவிலிருந்தே வெட்டப்பட்டது. அக்கற்குழி பின்னர் தோட்டமாக்கப்பட்டது. பழைய மாளிகையின் கிழக்குப் பகுதி கூரை நீக்கப்பட்டு, வெறும் சுவர்களும் சாளர இடைவெளிகளுமாக விடப்பட்டது. கோபுரமும் தெற்குப் பகுதியும் பேணப்பட்டன. இவ்வாறு, ஒரு காட்சிக்காக 17 ஆம் நூற்றாண்டுக் கட்டிடம் ஒன்று இழக்கப்பட்டது. ஆயினும் அவ்விழப்பே அக்கால அழகியல் நோக்குக்குச் சான்றாகவும் நிற்கிறது.

பிற்காலம்

எட்வர்ட் ஹசியின் பேரனும் கட்டிடக்கலை வரலாற்றாளருமான கிறிஸ்டோபர் ஹசி, இந்த அழகியல் குறித்து 1927 இல் ஒரு நூல் எழுதினார். அவர் 1970 இல் இறந்தபோது, இச்சொத்து அவரது விருப்பப்படி நேஷனல் டிரஸ்ட் அமைப்பைச் சேர்ந்தது. மேட்டிலுள்ள புதிய மாளிகை 2007 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.