நூல் அறுகிறதா? மிஷினைப் பழிக்கும் முன் ஊசியைப் பாருங்கள்



மளிகைக் கடையில் நூலும் ஊசியும் பெரிய லாபம் தரும் சரக்குகள் அல்ல. ஆனாலும் கொல்லிமலை போன்ற இடங்களில் கடை வைத்திருப்பவர்கள் அவற்றை ஒதுக்கிவிட முடியாது. செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ அரிசி, பருப்பு வாங்க வருபவர்களே நூல்கண்டும் கேட்பார்கள். மிஷின் தகராறு செய்தால் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காரவள்ளியில் இறங்கி, சேந்தமங்கலமோ நாமக்கல்லோ போக வேண்டும். ஒரு நாள் பிழைப்பு போய்விடும். எனவே, "நீங்கள் கொடுத்த நூல் அறுந்து அறுந்து போகிறது" என்ற புகார் முதலில் வந்து நிற்பது நம் கல்லாவின் முன்னால்தான். அதற்குச் சரியான பதில் சொல்லத் தெரிந்தால் வாடிக்கையாளரும் நிலைப்பார், சரக்கும் திரும்பி வராது.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை உள்ளது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. துணிப்பைக்குத் தேவை இருக்கும்வரை வீட்டு மிஷினுக்கும் வேலை உண்டு. பை தைப்பவர்கள் மிச்சத் துணிகளை ஒட்டுப்போட்டு, நடுவே பஞ்சோ பழைய போர்வையோ வைத்து மெத்தைவிரிப்பும் தைக்கலாம். பக்கத்துக் கரூரிலிருந்து இப்படிப்பட்ட வீட்டு உபயோகத் துணிகள் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. அங்கே பெரிய தொழிற்சாலை மிஷின்கள் உண்டு. வீட்டில் இருப்பதோ காலால் மிதிக்கும் ஒரு மிஷின். அதில் அடுக்குத் துணியின் மேல் பூவும் வளைகோடும் போடும்போதுதான் நூல் அதிகமாக அறுகிறது.

அறுவது ஏன்?

சாதாரணத் தையலில் துணியை நகர்த்துவது மிஷினின் அடியில் இருக்கும் பல். ஊசி துணியைவிட்டு மேலே வந்த பிறகுதான் பல் துணியைத் தள்ளும். பூவேலை செய்யும்போது அந்தப் பல்லை இறக்கிவிட்டோ தகடு போட்டு மூடியோ துணியைக் கையாலேயே நகர்த்துகிறோம். ஊசி துணிக்குள் இருக்கும்போது கை இழுத்துவிட்டால் ஊசி வளைகிறது. நூல் ஊசிக் காதின் ஓரத்தில் உரசுகிறது. வளைந்த ஊசி அடித்தட்டில் இடித்து அங்கே பிசிறு உண்டாக்குகிறது. அந்தப் பிசிறு அடுத்த முறை நூலை அறுக்கிறது. ஒரு தவறு இன்னொன்றைக் கூட்டி வருகிறது என்பது இதுதான்.

இதற்கு மருந்து கையையும் காலையும் ஒத்துப்போக வைப்பது. மிதி சீராக ஓட வேண்டும், கை மெதுவாக நகர வேண்டும். வளைவில் திரும்பும்போது கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது.

அறுந்த நுனி சொல்லும் சேதி

அறுந்த நூலின் நுனியைப் பார்க்கச் சொல்லுங்கள். நுனி பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தால் நூல் எங்கோ உரசுகிறது. ஊசிக் காது சிறியது, அல்லது ஊசி தேய்ந்துவிட்டது. நுனி சுருண்டு, இழுபட்டதுபோல் இருந்தால் மேல்நூல் டென்ஷன் அதிகம். கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் தட்டிலோ ஷட்டிலிலோ கூரான பிசிறு இருக்கக்கூடும்.

பார்க்க வேண்டிய வரிசை

எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது குற்றம் என்று தெரியாமல் போய்விடும். ஒவ்வொன்றாக மாற்றி, ஒரு துண்டுத் துணியில் தைத்துப் பார்க்க வேண்டும்.

1. துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல்நூலை முழுவதும் எடுத்துவிட்டு மறுபடி கோக்க வேண்டும். தைக்கும்போது அந்தக் கைப்பிடி இறங்கியிருக்க வேண்டும். பூவேலைக்காகப் பாதத்தையே கழற்றியவர்கள் கைப்பிடியை இறக்க மறந்துவிடுவது உண்டு. அப்போது டென்ஷன் பிடிக்காமல், நூல் அடியில் குருவிக்கூடு போலச் சிக்கி அறும்.

2. புது ஊசி போட வேண்டும். ஊசியின் ஒரு பக்கம் நீளமான பள்ளம் இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்துதான் நூல் காதுக்குள் நுழைய வேண்டும். ஊசியைத் திருப்பிப் போட்டால் தையல் விடும், நூலும் அறும். ஊசி மேலே முட்டும்வரை ஏறியிருக்க வேண்டும்.

3. வேறொரு நூல்கண்டைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

4. மேல்நூல் டென்ஷனைச் சிறிது தளர்த்த வேண்டும்.

5. பாபின் கேஸைக் கழற்றி, ஷட்டிலில் சேர்ந்த தூசியையும் நூல் துணுக்குகளையும் துடைக்க வேண்டும். அடிநூலைப் பிடித்துத் தொங்கவிட்டால் கேஸ் அப்படியே நிற்க வேண்டும். லேசாக உதறினால் சற்று இறங்க வேண்டும். தானாகவே வழுக்கி விழுந்தால் அடிநூல் தளர்ச்சி. உதறியும் அசையாவிட்டால் இறுக்கம்.

6. தட்டின் துளையைச் சுற்றி மெல்லிய நைலான் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணி மாட்டுகிற இடத்தில் பிசிறு உண்டு.

இந்த ஆறையும் பார்த்த பிறகே மெக்கானிக்கைத் தேடினால் போதும்.

எந்த ஊசி, எந்த நூல்?

நம் கடையில் வேலை பார்க்கும் பையனுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஊசியில் எண் கூடக்கூட ஊசி தடிமனாகும். நூலின் டிக்கெட் எண் கூடக்கூட இழை மெலியும். ஊசி உறையில் 90/14 என்று இருந்தால் இரண்டும் ஒரே அளவைத்தான் குறிக்கின்றன. தண்டின் தடிமன் 0.9 மில்லிமீட்டர். 100/16 என்பது 1 மில்லிமீட்டர், 110/18 என்பது 1.1 மில்லிமீட்டர். சாதாரணப் பருத்தித் துணிக்கு 14 போதும். பஞ்சு வைத்த அடுக்குத் துணிக்கு 16, தடித்த பைக்கு 18 கொடுக்கலாம்.

பொருத்தம் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. மிஷினில் போடாத ஊசியில் நூலைக் கோத்து, நூலைச் சாய்வாக இழுத்துப் பிடியுங்கள். ஊசி தானாக வழுக்கி இறங்கினால் சரியான ஜோடி. நடுவில் நின்றுவிட்டால் ஒரு எண் பெரிய ஊசி கொடுங்கள். வாடிக்கையாளர் கண்ணெதிரில் இதைச் செய்து காட்டினால் பிறகு புகாருக்கு இடமிருக்காது.

நம் பக்கம் செய்ய வேண்டியவை

நூலைக் கெடுப்பதில் கடைக்கும் பங்கு உண்டு. வெயில் படும்படி நூல்கண்டைத் தொங்கவிட்டால் நிறம் மங்குவதோடு வலுவும் குறையும். மலையின் மழைக்காலத்திலும் பனிமூட்டத்திலும் ஈரம் ஏறினால் பருத்தி நூல் பூசணம் பிடிக்கும், ஊசி துருப்பிடிக்கும். துருப்பிடித்த ஊசி நூலை அரம்போல் அராவும். எனவே ஊசிப் பொட்டலத்தை உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். முதலில் வந்த நூலை முதலில் விற்றுவிடுங்கள். பழைய கண்டிலிருந்து ஒரு முழம் எடுத்து இழுத்துப் பாருங்கள். புதுக் கண்டைவிடச் சுலபமாக அறுந்தால் அதை மிஷினுக்கு என்று விற்காதீர்கள். பொட்டலம் கட்ட வைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய் விஷயத்திலும் ஒரு வார்த்தை. மிஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும். மார்கழி, தை மாதங்களில் மலையில் அது கட்டியாகி மிஷினை இறுக்கிவிடும். நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தூசியையும் பிடிக்கும். தையல் மிஷினுக்கான எண்ணெயையே கொடுங்கள். எண்ணெய் விட்டபின் முதல் தையலைக் கழிவுத் துணியில் போடச் சொல்லுங்கள்.

பை தைத்துப் பிழைப்பவருக்கு நூல் அறும் ஒவ்வொரு முறையும் கூலியில் ஒரு பங்கு போகிறது. அந்தப் பையை எதிர்பார்த்திருக்கும் கடைக்கும் தாமதம்தான். பத்துக் கண்டு நூல் வாங்குபவருக்கு இரண்டு ஊசியும் வாங்கச் சொல்வது வியாபாரத் தந்திரம் அல்ல. அது அவருடைய கூலியைக் காப்பாற்றும் யோசனை. தைப்பவர் நன்றாயிருந்தால்தான் நூல் விற்பவரும் நன்றாயிருக்க முடியும்.